கடல் கொண்டுவரும் வண்டல்

வங்காள விரிகுடாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்த கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துவருவதற்கு மலையிலிருந்து ஆறு அடித்துவரும் மண்ணே முழுக் காரணம் என்று கருதுவது இயல்பு. ஆனால் மழையற்ற மாதங்களில் அங்குள்ள கப்பல் தடத்தை மேடாக்குவதில் பெரும்பங்கு, கடலிலிருந்து எதிரேறி வரும் ஓதத்தினுடையது.

நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் நாளுக்கு இருமுறை உயர்ந்து தாழ்வதே ஓதம். ஆழம் மிகுந்த இடத்தில் நீரலை விரைவாகவும் ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாகவும் செல்லும் என்பதால், ஓதம் கழிமுகத்துக்குள், அதாவது ஆறு கடலோடு கலக்கும் அகன்ற வாய்க்குள் புகுந்தபின், அதன் உயர்ந்த முகடு தனக்கு முன்னே செல்லும் பள்ளத்தை நெருங்கிவிடுகிறது. இதனால் நீர் குறுகிய நேரத்தில் விசையோடு ஏறி, நெடுநேரம் மெல்ல இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் இந்த ஏற்றம் நீர்ச்சுவராகவே எழுந்து வருவதுண்டு. வங்காளப் படகோட்டிகள் 'பான்' என அழைக்கும் அந்த அலைக்கு அஞ்சி, படகுகளைக் கரையிலிருந்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவர். ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது சுமக்கும் வண்டல் இருமடங்குக்கும் மேலாகப் பெருகும் என்பதால், விரைந்து ஏறிய நீர் கொண்டுவந்த வண்டல் முழுவதையும் மெல்ல இறங்கும் நீரால் திருப்பிக் கொண்டுபோக இயலாது. அந்த மிச்சத்தைக் கடலுக்குத் தள்ள வல்லது மேலிருந்து வரும் நன்னீர் ஒன்றே. கங்கையின் பெருநீரோ சில நூற்றாண்டுகளாகவே பத்மா என்னும் கிளை வழியே கிழக்கு நோக்கித் திரும்பிவிட, ஹூக்ளியின் மேற்பகுதியான பாகீரதி மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் மெலிந்துபோயிற்று.

கொள்ளிடத்தில் அணைகள் எழுப்பிய ஆர்தர் காட்டன், கங்கையின் குறுக்கே அணை கட்டி நீரைத் திருப்பலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கூறியிருந்தார். அக்கருத்து 1975இல் பராக்காவில் செயலுக்கு வந்தது: இரண்டு கிலோமீட்டருக்கும் நீண்ட கதவணையிலிருந்து, வினாடிக்கு 40,000 கனஅடி நீரைக் கொண்டுசெல்லும் வகையில் வெட்டப்பட்ட 38 கிலோமீட்டர் கால்வாய் பாகீரதியில் சேர்கிறது. எனினும், கோடையில் கங்கை நீரை 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வங்கதேசத்துடன் பகிர வேண்டியிருப்பதால், நீர் குறையும் நாள்களில் அந்த அளவு முழுமையாகக் கிடைப்பதில்லை. அணைக்காகக் கொடுத்த விலையும் சிறிதன்று. கடலிலிருந்து கங்கையின் மேற்பகுதிவரை நீந்திச் சென்று முட்டையிட்ட ஹில்சா மீனின் வழி அடைபட்டது, அணைக்கு மேலே மால்டா மாவட்டத்தில் கரை அரிப்பால் ஊர்களும் வயல்களும் ஆற்றுக்குள் போயின. இவற்றை வெறும் பக்கவிளைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

பெரிய கப்பல்களுக்காகக் கடலுக்கு அருகே அமைக்கப்பட்ட ஹால்டியா துறை 1977இல் திறக்கப்பட்டது. அங்கும் தடத்தை இடைவிடாது தூர்வார வேண்டியுள்ளது, கொல்கத்தா செல்லும் கப்பல்களோ ஓதம் உயரும் நேரம் பார்த்தே, ஆற்றை நன்கறிந்த பைலட்டுகளின் வழிகாட்டுதலில் மேலேறுகின்றன.