ரேஞ்சில் ராஜா, கோர்ஸில் கூஜாவா? கோல்ஃபுக்கு மனசைப் பழக்கும் வழிகள்!

டிரைவிங் ரேஞ்சில் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். எல்லாருமே சூப்பராகத்தான் அடிப்பார்கள். பக்கெட் நிறைய பந்து, ஒண்ணு போனா இன்னொண்ணு. பத்து பந்து சேர்ந்தாற்போல நேராகப் பறந்துவிட்டால், 'ஆஹா, நமக்கு ஆட்டம் செட் ஆயிடுச்சு' என்று ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோர்ஸுக்குப் போய் முதல் ஹோலில் நிற்கிறார். பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இடது பக்கம் ஒரு குளம். 'அந்தப் பக்கம் மட்டும் போயிடக் கூடாது' என்று நினைத்துக்கொண்டே அடிக்கிறார். பந்து நேராகக் குளத்துக்குள்ள 'ப்ளக்'!

கிளப் அதேதான், பந்தும் அதேதான், நேற்று வரை ஸ்விங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்க தப்பு?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 18 ஹோல் ஆடி முடிக்க சுமார் 4 மணி நேரம் ஆகும். ஒரு ஸ்விங் ஆரம்பித்து முடிய ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 தடவை அடித்தாலும் மொத்தம் இரண்டேகால் நிமிஷம்தான்! மீதி நேரம் முழுக்க நடை, காத்திருப்பு, யோசனை. கிரிக்கெட்டில் பந்து உங்களை நோக்கி வரும், பயப்படக்கூட நேரம் இருக்காது. கோல்ஃபில் பந்து சும்மா புல்லில் கிடக்கும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பயப்படலாம்!

அந்த மீதி நேரத்தில் மனசு என்ன செய்யணும்னு பழக்குவதும் பயிற்சிதான். ஆனால், ரேஞ்சில் அதை யாரும் செய்வதில்லை.

10-வது ஹோலில் என்ன நடந்தது?

2011 ஏப்ரல். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி. வட அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி மெக்கில்ராய்க்கு அப்போது வயது 21. மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது 4 ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். கடைசி நாளில் 10-வது ஹோலுக்கு வரும்போதும் அவர்தான் முதலிடம்.

அங்கே அவர் அடித்த முதல் பந்து இடது பக்கம் மரங்களுக்குள் பறந்து, வீடுகளுக்கு இடையில் போய் விழுந்தது. 4 அடியில் முடிக்க வேண்டிய ஹோல், 7 அடி ஆனது. 12-வது ஹோலில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிட மட்டும் 4 தட்டு தேவைப்பட்டது. அன்றைய ஸ்கோர் 80. முதலிடத்தில் இருந்தவர் 15-வது இடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டே மாதம் கழித்து, அதே ரோரி யு.எஸ். ஓப்பனை 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு மாசத்துல ஒருத்தரோட ஸ்விங் தலைகீழா மாறிடாது. அகஸ்டாவில் அன்றைக்கு அவருடைய திறமை காணாமல் போகவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கை செய்யற வேலையில மூளை தலையிட்டா...

மாடிப்படி இறங்கும்போது, 'இப்ப வலது கால், இப்ப இடது கால்' என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயம் தடுக்கும். நன்றாகப் பழகிய வேலையை உடம்பு தானாகச் செய்யும். பதற்றம் வந்தால், அதை நாம் ஒவ்வொரு படியாகக் கண்காணிக்க ஆரம்பிக்கிறோம். சிக்கல் அங்கேதான்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சியான் பைலாக் இதைக் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்தே சோதித்தார். தாமஸ் காருடன் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இப்போது பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) எப்படிச் செய்தீர்கள் என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டார். புதிதாகக் கற்பவர்கள் விலாவாரியாகச் சொன்னார்கள். அனுபவசாலிகளுக்கோ பெரிதாக எதுவும் ஞாபகம் இல்லை. வளைந்து நெளிந்த ஒரு விசித்திரமான பட்டரைக் கையில் கொடுத்த பிறகுதான், அவர்களுக்கும் விவரமாக ஞாபகம் இருந்தது. காரணம், பழக்கமில்லாத கருவி என்பதால் ஒவ்வொரு அசைவையும் கவனிக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அனுபவசாலிகளை, 'உங்க அசைவையே கவனிங்க' என்று சொல்லி ஆட விட்டால் துல்லியம் குறைந்தது. காதில் விழும் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே ஆடச் சொன்னால் நன்றாக ஆடினார்கள். புதியவர்களுக்கு நேர்மாறு. அசைவைக் கவனித்து ஆடினால்தான் அவர்களுக்குச் சரியாக வந்தது.

ஆக, முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்ற ஆராய்ச்சியெல்லாம் கற்றுக்கொள்ளும்போது தேவை. அதற்கான இடம் ரேஞ்ச். ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்துப் பார்ப்பதும் அங்கேதான். ஆட்டம் ஆடும் நாளில் போனை பையிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே ஷாட்டை நூறு தடவை அடிக்காதீங்க

ரேஞ்சில் நம்மில் பலர் செய்வது, 7 அயர்ன் கிளப்பை எடுத்து, ஒரே இலக்கை நோக்கி 50 பந்து அடிப்பது. ஐந்தாவது பந்துக்கே உடம்பு அட்ஜஸ்ட் ஆகிவிடும். அப்புறம் வர்றதெல்லாம் நல்ல ஷாட்தான். ஆனால் கோர்ஸில், ஒரே இடத்திலிருந்து ஒரே ஷாட்டை இரண்டாவது தடவை அடிக்க எப்போது வாய்ப்பு கிடைக்கிறது?

1979-ல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சின்ன மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டிவிட வேண்டும். இப்படி மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகிய குழுவுக்குத்தான் வேலை நன்றாக ஞாபகம் இருந்தது.

கலந்து பழகும்போது ஒவ்வொரு தடவையும் மூளை புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தடுமாற்றம் வரும், 'நமக்கு வரலையோ' என்று எரிச்சலும் வரும். அந்தத் தடுமாற்றத்தில்தான் மூளை கற்றுக்கொள்கிறது. 60 பந்து வாங்கினால் முதல் 30-ல் ஸ்விங்கைச் சரி பாருங்கள். அடுத்த 30-ல், உங்களுக்குத் தெரிந்த ஒரு கோர்ஸை மனசுக்குள் ஆடுங்கள். முதல் ஹோலுக்கு டிரைவர், அடுத்து 7 அயர்ன், அதற்கடுத்து வெட்ஜ். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளப் மாற வேண்டும், இலக்கு மாற வேண்டும். பந்து தப்பாகப் போனால், அடுத்ததை எங்கிருந்து அடிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்து அந்த ஷாட்டையே அடியுங்கள்.

யோசிக்க ஒரு இடம், அடிக்க ஒரு இடம்

சுவீடனைச் சேர்ந்த பியா நில்சன், அமெரிக்காவின் லின் மேரியட் என்ற இரண்டு பயிற்சியாளர்கள் ஓர் எளிய முறையைப் பிரபலப்படுத்தினார்கள். பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோட்டுக்குப் பின்னால் இருக்கும்வரை எவ்வளவு வேணும்னாலும் யோசிக்கலாம். காற்று எப்படி, தூரம் எவ்வளவு, எந்த கிளப், எங்கே விழணும்... எல்லாம் அங்கேயே முடிவாகிவிட வேண்டும். கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டால் யோசனைக்கு இடமில்லை, அடிப்பது மட்டும்தான். பந்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது சந்தேகம் வந்தால், கூச்சப்படாமல் மறுபடி கோட்டுக்குப் பின்னால் போய்விடுங்கள்.

சுவீடன் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாம், நில்சனிடம் பயிற்சி பெற்றவர். 2001-ல் ஒரே சுற்றில் 59 அடித்து, எல்.பி.ஜி.ஏ. போட்டியில் அந்த ஸ்கோரைத் தொட்ட முதல் பெண் ஆனவர்.

கோட்டுக்குப் பின்னால் நிற்கும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலை, போகப்போகும் ஷாட்டை மனசுக்குள் ஒரு தடவை பார்ப்பது. 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ், பயிற்சியில்கூட அந்தக் காட்சி தெளிவாகத் தெரியாமல் ஒரு பந்தையும் அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறார். 'குளத்துல போடாத' என்று சொன்னால் மனசில் ஓடுவது குளத்தின் படம்தான். 'அந்தப் பெரிய மரத்துக்கு நேரா' என்று சொல்லிப் பாருங்கள், படம் மாறும்.

இதையெல்லாம் செய்ய நேரம் ஏது என்கிறீர்களா? உங்கள் முறை வந்ததும் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது கோல்ஃப் விதிகளின் பரிந்துரை. பழகிவிட்டால் அது தாராளம்.

கண்ணு எங்க இருக்கணும்?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், பட்டிங் செய்யும்போது ஆட்டக்காரர்களின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தார். 1992-ல் அந்த முடிவுகள் வெளியாயின. நல்ல ஆட்டக்காரர்களின் பார்வை, அடிப்பதற்கு முன் பந்தின் மீது அசையாமல் நின்றது. அடித்த பிறகும் ஒரு கணம் அங்கேயே இருந்தது. சுமாராக ஆடுபவர்களின் கண் பந்து, குழி, பட்டர் என்று அலைந்தது. விக்கர்ஸ் இதற்கு வைத்த பெயர் 'அமைதியான கண்'.

செய்து பாருங்கள். பந்தின் பின்பக்கத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு விநாடி அதையே பாருங்கள். பிறகு அடியுங்கள். பந்து உருண்டு போன பிறகும் ஒரு நொடி அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். குழிக்குள் விழுந்ததா என்பதைக் காது சொல்லும்.

பெரிய பிளேயரே பாதிதான் போடுறார்

டி.வி-யில் பார்ப்பது பெரும்பாலும் ஹைலைட்ஸ். அதனால் புரொஃபஷனல்கள் எல்லாத்தையும் குழிக்குள் போட்டுவிடுவார்கள் என்று தோன்றும். உண்மையில், பி.ஜி.ஏ. டூரில் ஆடும் உலகத்தரமான வீரர்களே 8 அடி தூரத்திலிருந்து தட்டும் பந்தில் ஏறக்குறைய பாதியைத்தான் குழிக்குள் போடுகிறார்கள். வாரம் ஒருநாள் ஆடும் நாம், 8 அடியில் தவறவிட்டதற்கு அடுத்த மூன்று ஹோல் முழுக்க புலம்புகிறோம். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டாலே பாதி கோபம் குறைந்துவிடும்.

மோசமான ஷாட்டுக்கு அப்புறம்

தப்பான ஷாட்டே வராமல் ஆடுவது யாராலும் முடியாது. வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பழக்க முடியும். ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பத்து அடி நடக்கும்வரை மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம். பத்தாவது அடியில் ஒரு நீண்ட மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அப்புறம் மரம், வானம், கூட ஆடுபவரோடு பேச்சு... எதுவானாலும் சரி. அடுத்த பந்தை நெருங்கும்வரை கோல்ஃப் வேண்டாம்.

2025 மாஸ்டர்ஸின் கடைசி நாளில் ரோரி ஆடியதைப் பாருங்கள். முன்னிலையோடு ஆரம்பித்து, முதல் ஹோலிலேயே இரண்டு ஸ்ட்ரோக் இழந்தார். 13-வது ஹோலில், பக்கத்திலிருந்து அடித்த பந்து ஓடைக்குள் போனது. 18-வது ஹோலில் ஜெயிப்பதற்கான சின்ன பட்டிங்கும் தவறியது. 2011-ஐப் போலவே எல்லாம் கைநழுவுவதாகத்தான் தெரிந்தது. ஆனால், இடையில் 15, 17-வது ஹோல்களில் அவர் பர்டி அடித்திருந்தார். ஜஸ்டின் ரோஸுடன் நடந்த பிளேஆஃபில் மறுபடி அதே 18-வது ஹோல். இந்த முறை பர்டி, பட்டம்! நான்கு மேஜர் போட்டிகளையும் வென்ற ஆறாவது ஆண் வீரர் ஆனார். அன்றைக்கும் தப்புகள் இருந்தன. ஆனால் ஒரு தப்பு அடுத்த ஷாட்டைக் கெடுக்கவில்லை.

இந்த வாரமே ஆரம்பிக்கலாம்

* வீட்டில் 10 நிமிஷம்: ஹாலில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து, 3 அடி தூரத்திலிருந்து தொடர்ந்து 10 பந்து உள்ளே போட வேண்டும். தவறினால் முதலிலிருந்து. எட்டு, ஒன்பது வரும்போது நெஞ்சு படபடக்கும் பாருங்கள், அந்தப் படபடப்போடு ஆடப் பழகுவதற்குத்தான் இது.

* ரேஞ்சில்: கடைசிப் பாதியை கலந்து அடியுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி வாருங்கள். பந்து குறைவாகச் செலவானால் பரவாயில்லை.

* கோர்ஸில்: ஸ்கோர் கார்டின் ஓரத்தில் இன்னொரு கணக்கு. பந்து எங்கே போனது என்று பார்க்காமல், 'முடிவெடுத்து, சந்தேகமில்லாமல் அடிச்சேனா' என்று மட்டும் கேட்டு, ஆமாம் என்றால் ஒரு டிக்.

* வீடு திரும்பியதும்: அன்றைய நல்ல ஷாட் மூன்றை விவரமாக எழுதுங்கள். மோசமானதை எழுத வேண்டாம், அது தானாகவே ஞாபகம் இருக்கும்.

ஒரு மாசம் கழித்து ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன், அந்த டிக்குகளை எண்ணிப் பாருங்கள். பந்து குளத்துக்குப் போவதும் போகாததும் சில நாள் காற்றின் கையில் இருக்கும். டிக் போடுவது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.