பருத்த டயரும் சிறு மோட்டாரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மனிதன் கண்ட பொறிகளுள் ஏழைக்கு மிகவும் உதவியது மிதிவண்டியே என்றால் மிகையாகாது. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில்தான் நானும் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றேன். ஆனால், மரக்காணத்தை அடுத்த எங்கள் ஊரில் தார்ச்சாலையிலிருந்து வீடு வரை உள்ள ஒன்றரைக் கிலோமீட்டரும் மணல். அந்தத் தொலைவில் வண்டி என்னைச் சுமந்ததில்லை. நான்தான் வண்டியைத் தள்ளிச் சென்றிருக்கிறேன். காலையில் திண்டிவனம் பஸ்ஸைத் தவறவிட்டால் கல்லூரியில் முதல் வகுப்பும் தவறிவிடும்.

சென்ற கோடை விடுமுறையில் உப்பளத்தில் வேலை செய்து சேர்த்த கூலியைக் கொண்டு, விழுப்புரத்தில் ஒருவரிடமிருந்து நான்கு அங்குல டயர் கொண்ட பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். 'ஃபேட் டயர் சைக்கிள்' என்று இளைஞர்கள் அழைப்பது இதைத்தான். இது மணலில் எப்படி ஓடுகிறது? இதற்கு மின்மோட்டார் பொருத்தலாமா? இவ்விரு வினாக்களுக்கும் நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விடை தருகிறது.

மணலில் சக்கரம் புதைவது ஏன்?

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறத்தாழ, அது தாங்கும் எடையை உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் வரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். சாதாரண சைக்கிளில் 50 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ, அடித்தால் இரு சக்கரங்களும் தரையைத் தொடும் பரப்பு 23 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. பருத்த டயரில் 10 பவுண்டு, அதாவது 0.7 கிலோ, போதும். அப்போது பரப்பு 114 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. ஐந்து மடங்கு பரப்பில் எடை பரவுவதால் மணல் தாங்குகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள், பெரிய டயருக்கு நிறையக் காற்று வேண்டும் என்றெண்ணி 30 பவுண்டு அடித்துக்கொண்டு போனேன். இருபதடி போவதற்குள் வண்டி புதைந்தது. காற்றை இறக்கிய பிறகே ஓடியது. டயரின் பருமன் மட்டும் போதாது. குறைந்த காற்றும் வேண்டும். பருத்த டயருக்கே அவ்வளவு குறைந்த காற்றைத் தாங்கும் ஆற்றல் உண்டு. மெல்லிய டயரில் அப்படிக் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

1880களின் பிற்பகுதியில் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1980களில் அமெரிக்காவின் அலாஸ்காவில் பனிமீது ஓட்ட விரும்பியவர்கள் ரிம்மை அகலமாக்கிச் சோதனை செய்தார்கள். 2005இல் 'சர்லி' நிறுவனத்தின் 'பக்ஸ்லி' என்னும் வண்டி வந்தபின் இவ்வகை பரவியது. பனிக்குச் செய்த வண்டி உப்பளத்து மணலுக்கும் பொருந்துகிறது!

எத்தனை வாட் வேண்டும்?

மோட்டாரும் பேட்டரியும் சேர்த்து மொத்தம் 90 கிலோ எனக் கொள்வோம். அதன் எடை 880 நியூட்டன். மணலில் உருளல் தடை எடையில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், எதிர்க்கும் விசை 88 நியூட்டன். மணிக்கு 9 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 2.5 மீட்டர், வேகத்துக்குத் தேவையான திறன் 220 வாட். சாதாரண மனிதன் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது ஏறத்தாழ 75 வாட். மீதி 145 வாட்டை மோட்டார் தரவேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் மணலைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். போய்வர இருபது நிமிடம். இதற்குச் செலவாவது 48 வாட்-மணி. இழப்பையும் சேர்த்தால் 60. ஆனால், 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 360 வாட்-மணி உண்டு. ஆக, எனக்குத் தேவை அதில் ஆறில் ஒரு பங்கே.

எந்த மோட்டார்?

சக்கரத்தின் நடுவே பொருத்தும் ஹப் மோட்டார் எளிது. ஆனால் மணலில் அது மெதுவாகச் சுற்றும்; மின்னோட்டம் மிகும்; அதன் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். பெடல் அச்சில் பொருத்தும் மோட்டார் கியரின் உதவியைப் பெறுவதால் மணலுக்கு ஏற்றது. ஆனால் செயின் விரைவில் தேயும். பருத்த டயர் வண்டியின் ஃபோர்க்கும் பெடல் அச்சுக் குழலும் சாதாரண வண்டியைவிட அகலம். ஆகவே அளந்து பார்க்காமல் மோட்டார் வாங்கலாகாது. ஹப் மோட்டாரின் ஆக்ஸில் திரும்பிவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகடும் கட்டாயம். உப்புக்காற்றில் செம்பு இணைப்புகள் அரிக்குமாதலால் அவற்றை நன்கு மூடவேண்டும்.

சட்டமும் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவும் உரிமமும் தேவையில்லை. நம் கணக்குப்படி அந்த வரம்பே போதும்.

மின்செலவு ஒரு முறைக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக உள்ள நம் மாநிலத்தில் அது பாரமன்று. பாரமானது வேறு. லித்தியம் பேட்டரி பழுதுபட்டால் தீப்பற்றும். அதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று இல்லாத மலிவுப் பேட்டரியை வாங்கி, எங்களுடையது போன்ற கூரை வீட்டில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது தகாது. நல்ல பேட்டரியோ, மோட்டாருடன் சேர்த்தால் வண்டியின் விலையைப் போல் இரு மடங்கு.

கணக்கை முடித்தபோது ஓர் உண்மை புரிந்தது. இருபது வயதுக் காலுக்கு மோட்டார் தேவையில்லை. தேவைப்படுபவர் என் தந்தை. விடியும் முன்பே எழுந்து, வலிக்கும் முழங்காலோடு, உப்பளத்து வரப்பு வழியே நான்கு கிலோமீட்டர் போகிறவர் அவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் கணக்கை அவரிடம்தான் முதலில் காட்டினேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கும்பா. தங்கச்சி பீஸைக் கட்டிட்டு மிச்சம் இருந்தா பார்ப்போம்" என்றார்.

மிச்சம் இன்னும் வரவில்லை. ஆனால் பருத்த டயர் வண்டி இப்போது அவரிடம் இருக்கிறது. காற்று 10 பவுண்டு. நான் பழையபடி பள்ளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறேன். மாணவ நண்பர்களே! மோட்டாரை எண்ணுமுன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.