புலாலும் பாலும் இல்லாச் சமையல்

கொல்கத்தா வந்த நமக்குப் பலாப்பிஞ்சு புதிதன்று. வங்காளியர் அதனை ‘மரத்துக் கடா’ என்று பொருள்பட அழைப்பதே புதிது. உப்பு மஞ்சளிட்டு வேகவைத்து, இஞ்சியும் கறிமசாலையும் சேர்த்துச் சுருள வதக்கினால், புலால் உண்டு பழகியவரும் மறுசோறு கேட்பர். இரவுப் பணிக்குத் தூக்கில் எடுத்துச் செல்லவும் ஏற்றது.

பனீருக்கு ஈடு சோயா மொச்சை. இரவெல்லாம் ஊறியதை அரைத்துப் பிழிந்து, பச்சைவாடை நீங்க 10 நிமிடம் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச் சாறு விட்டால் திரையும். துணியில் கட்டிப் பாரம் வைக்க வேண்டும். கடைகளில் டோஃபு என விற்பது இதுவே. சக்கையை அடைமாவில் சேர்க்கலாம். ஆயின் பாற்கட்டிபோல் உருகுமென எவரும் எதிர்பார்க்க வேண்டா.

தயிரையும் கைவிடும் வீட்டினர் ஒன்றறிதல் வேண்டும். வைட்டமின் பி12 இவ்வுணவுகளில் கிடையாது. கருவுற்ற மகளிரும் குழந்தைகளும் உள்ள இல்லத்தார் மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையை முதலிலேயே வாங்கி வைப்பாராக.