மோன்டே சோலே மலையில் மிதிவண்டிப் பாதை

இத்தாலி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன உரோமை மாநகரும், அசிசியும், லொரேத்தோ திருத்தலமுமே. திருப்பயணிகள் காணாது கடந்துபோகும் குன்று ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுத விழைகிறோம். பொலோஞா நகருக்குத் தெற்கே, ரேனோ, சேத்தா என்னும் இரு ஆறுகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் அதன் பெயர் மோன்டே சோலே. ‘கதிரவன் மலை’ என்பது பொருள். உயரம் 668 மீட்டர். நம் சேர்வராயன் மலையில் பாதிகூட இல்லை.

இன்று இக்குன்றை நாடி வருவோருள் பலர் மிதிவண்டிக்காரர். தார் பூசிய நெடுஞ்சாலையை விடுத்து, சரளைக் கற்கள் பரவிய பழைய வண்டிப் பாதைகளில் மிதித்துச் செல்வதை ஐரோப்பியர் பலர் அண்மைக் காலத்தில் பெரிதும் விரும்புகின்றனர். இதற்கென அகன்ற உருளிப்பட்டை பூட்டிய வண்டிகள் விற்பனைக்கு வந்துள்ளன. இவ்விருப்பத்திற்கு இத்தாலியரும் ஒரு காரணம். தொஸ்கானா மாநிலத்தின் வெண்சரளைப் பாதைகள் தாருக்கு இரையாகி மறையக் கூடாதென்று, 1997-இல் பழைய மிதிவண்டிகளில் ‘எரோய்க்கா’ என்னும் பயணத்தைத் தொடங்கினர். சிலர் தொடங்கியதைப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் பின்பற்றினர்.

மோன்டே சோலேயின் பாதைகளும் அத்தகையவையே. மண் களிமண், மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. ஆகவே வெயிற்காலமே ஏற்றது. மேலே ஓக்கு மரக் காடு. இடையிடையே கல்லால் கட்டிய வீடுகளின் அடித்தளங்கள். கூரையில்லை, சுவரில்லை, குடியுமில்லை. அறியாது வருபவர் இவற்றைப் பழங்கால இடிபாடுகள் என்றே எண்ணக்கூடும். மலையடிவாரத்து மார்சபோத்தோவில் எத்ருஸ்கர் காலத்து நகரம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் மேலேயுள்ள இந்த வீடுகளில் 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் வரை அடுப்பெரிந்தது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் நேசநாட்டுப் படைகள் தெற்கிலிருந்து அப்பெனைன் மலைத்தொடரை ஏறி வந்துகொண்டிருந்தன. (கிழக்கே இதே மலைத்தொடரில் நம் இந்தியப் படைப்பிரிவுகளும் போரிட்டன, ஃபோர்லி நகரில் அவ்வீரர்களின் கல்லறைத் தோட்டம் உண்டு.) செருமானியர் தம் போர்முனைக்குப் பின்னால் ‘செவ்விண்மீன்’ என்னும் உள்ளூர் எதிர்ப்புப் படை இயங்குவதைப் பொறாது, மோன்டே சோலேயைத் துடைத்தெறியத் துணிந்தனர். செப்டம்பர் 29-ஆம் நாள், அதிதூதரான புனித மிக்கேலின் திருநாளன்று, எஸ்.எஸ். படையினர் விடியற்காலையில் மலையைச் சூழ்ந்தனர். எதிர்ப்புப் படையின் தலைவர் அன்றே வீழ்ந்தார். அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. அக்டோபர் 5-ஆம் நாள் வரை வீடு வீடாக, கோவில் கோவிலாகச் சென்றனர். மடிந்தோர் 770 பேர். அவர்களுள் பெண்கள் 316, சிறுவர் சிறுமியர் 216, அறுபது வயதைக் கடந்தோர் 142. நெடுங்காலம் 1,830 என்றே எழுதிவந்தனர். அது அவ்வட்டாரத்தில் போர்க்காலம் முழுவதிலும் இறந்தோரின் தொகை எனப் பின்னர் ஆய்ந்து திருத்தினர். எண்ணிக்கையைக் குறைத்ததால் கொடுமை குறைந்துவிட்டதென்று எவரும் கருதவில்லை. இறந்தவரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது எம் கருத்து.

இனி, பாதையில் செல்வோம். பொலோஞாவிலிருந்து தொடர்வண்டியில் வந்து, ரேனோ ஆற்றைக் கடந்தால் மலையடிவாரத்தில் ஸ்பெர்த்திக்கானோ என்னும் சிற்றூர். இரண்டு ஆண்டுகள் இதன் பங்குத்தந்தையாக இருந்தவர் ஜோவான்னி ஃபோர்னசீனி. 1915-இல் பிறந்தவர். நலிந்த உடல், குருமடத்தில் படிப்பு அதனால் தடைப்பட்டதுண்டு. 1942 சூன் 28-இல் குருப்பட்டம் பெற்று இவ்வூருக்கு வந்தார். இவரும் மிதிவண்டிக்காரரே! கால்நடையாகவும் மிதிவண்டியிலும் ஓயாது ஓடிக்கொண்டிருந்த சுவாமியாரென்றே மக்கள் இவரை நினைவுகூர்ந்தனர். சிறுவருக்குப் பள்ளி நடத்தினார். குண்டுவீச்சில் இறந்தோரை அடக்கம் செய்தார். பிடிபட்டவர்களை விடுவிக்கப் படையினரிடம் மன்றாடினார்.

இங்கிருந்து மேலே ஏறும்போதுதான், மோட்டார் வண்டியில் வருவோர்க்குப் புலப்படாத ஒன்று மிதிவண்டியில் வருவோர்க்குப் புலப்படும். இக்குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று அத்துணை அருகில் உள்ளன. ஓரிடத்தில் சுட்டால் அடுத்த ஊரில் ஓசை கேட்டிருக்கும், புகை தெரிந்திருக்கும். ஓர் இளங்குரு ஒரு காலைப்பொழுதில் பல ஊர்களைச் சந்திக்க இயலும். கொலைஞரும் அவ்வாறே செய்ய இயன்றது.

சான் மார்த்தினோ என்னுமிடத்தில் கோவில் இடிந்து கிடக்கிறது. படுகொலைக்குப் பின் இங்கே உடல்கள் அடக்கமின்றிக் கிடந்தன. அக்டோபர் 13-ஆம் நாள் தந்தை ஃபோர்னசீனி இவ்விடத்திற்கு ஏறிச் சென்றார், திரும்பவில்லை. அப்போது வயது 29. போர்முனை குளிர்காலம் முழுதும் இம்மலையிலேயே நிலைகொண்டுவிட்டதால், எவரும் மேலே வர முடியவில்லை. 1945 ஏப்ரலில், தென்னாப்பிரிக்கப் படையினர் மலையைக் கைப்பற்றிய பின்னரே, கல்லறைத் தோட்டத்தின் பின்புறம் அவர் உடலை அவருடைய உடன்பிறந்தாரே கண்டெடுத்தார். ஸ்பெர்த்திக்கானோ கோவிலில் அவரது அடக்கம் உள்ளது. 2021 செப்டம்பர் 26-இல் பொலோஞாவில் திருச்சபை அவரை மறைசாட்சியாக, அருளாளராக உயர்த்திற்று.

அடுத்து கசாலியா. 29-ஆம் நாள் காலை, சுற்றுப்புற மக்கள் அஞ்சிக் கோவிலுக்குள் புகுந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். படையினர் அவர்களை வெளியேற்றிக் கல்லறைத் தோட்டத்திற்கு ஓட்டிச் சென்றனர். இருபத்தாறே வயதான பங்குக் குரு ஊபால்தோ மர்க்கியோனியைப் பலிபீடத்தருகே சுட்டுக் கொன்றனர். கல்லறைத் தோட்டத்தின் நான்கு சுவர்களுக்குள் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையானோர் ஏறத்தாழ எண்பது பேர். பாதிக்கு மேல் குழந்தைகள் என்பர். பழைய கல்லறைகளின் இரும்புச் சிலுவைகளில் தோட்டா துளைத்த ஓட்டைகள் இன்றும் உள்ளன. இத்தோட்டத்தின் வாயில் பாதையோரத்திலேயே இருக்கிறது. ஏறிய வேகம் தணியாமல், கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இவ்வாயிலைத் தாண்டிச் செல்வோரும் உண்டு. அவர்களுக்கு இது ஓர் ஏற்றம், அவ்வளவே. வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே செல்லப் பத்து நிமிடம் போதும்.

செர்ப்பியானோவில் காவற்சம்மனசின் பெயரால் அமைந்த சிற்றாலயம் ஒன்றிருந்தது. அதனுள் 49 பேரை அடைத்துக் கையெறி குண்டுகளை வீசினர். ஓர் ஆசிரியையும் இரு குழந்தைகளும் பிணங்களுக்கிடையே கிடந்து உயிர் பிழைத்தனர். பின்னர் நடந்ததை உலகிற்குச் சொன்னவர் அவ்வாசிரியையே.

கொன்றவர்கள் என்ன ஆயினர்? தலைமை தாங்கிய அதிகாரிகளுள் ஒருவனான வால்ட்டர் ரேடருக்கு 1951-இல் பொலோஞா இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1967-இல் அவன் மார்சபோத்தோ மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். உயிர் பிழைத்தோரும் இறந்தோரின் உறவினரும் கூடி வாக்களித்தனர். மிகப் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். 1985-இல் அரசு அவனை விடுவித்தது, 1991-இல் இறந்தான்.

இம்மறுப்பைக் கேட்டவுடன் ‘ஏழெழுபது முறை’ என்னும் ஆண்டவரின் சொல்லை நம்மில் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். நாம் அதற்குத் துணியமாட்டோம். அம்மக்களிடம் கேட்கப்பட்டது தனிமனிதரின் உள்ளத்து மன்னிப்பு மட்டுமன்று. தண்டனையிலிருந்து விடுதலைக்கு வழிவிடும் இசைவுமாகும். இறந்துபோன குழந்தையின் சார்பில் அத்தகைய இசைவைத் தரத் தாய்க்கு உரிமையுண்டா? மேலும், நீதி வழங்கப்பட்டிருந்தாலன்றோ மன்னிப்பின் பேச்சு எழும்! இதுபோன்ற போர்க்குற்றங்களைப் பற்றிய 695 வழக்குக் கோப்புகள், உரோமையில் ஓர் அலுவலகத்தில், கதவு சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்ட அலமாரியில் கிடந்து 1994-இல்தான் வெளிவந்தன. அதன் பின்னரே வேறு பத்துப் பேருக்கு, அவர்கள் வராமலேயே, 2007-இல் லா ஸ்பெட்சியா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குமுன் 2002-இல் செருமானியக் குடியரசுத் தலைவர் யோகன்னஸ் ராவ் மார்சபோத்தோவுக்கு நேரில் வந்து தலைகுனிந்து மன்னிப்பு வேண்டினார். அவரை மக்கள் திருப்பியனுப்பவில்லை.

ஊர்கள் மீண்டும் கட்டப்படவே இல்லை. 1989-இல் மலை முழுவதும் வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் செபம் அற்றுப்போகவில்லை. இத்தாலியின் அரசியலமைப்பை வகுத்த அவையில் உறுப்பினராயிருந்து, பின் அரசியலைத் துறந்து 1959-இல் குருவான ஜுசெப்பே தொசேத்தி, தாம் நிறுவிய துறவறக் குடும்பத்தினரை எண்பதுகளில் இங்கே குடியேற்றினார். கசாலியாவுக்கருகே அவர்கள் மடம் இருக்கிறது. 1996 டிசம்பர் 15-இல் அவர் காலமானபோது, பொலோஞாவின் பெரிய கல்லறைகள் எதற்கும் அவரைக் கொண்டுசெல்லவில்லை. தோட்டா துளைத்த சிலுவைகள் நிற்கும் அந்தக் கசாலியா தோட்டத்திலேயே, வெறும் மண்ணில் அடக்கம் செய்தனர்.