கிராமத்துக்கு உதவும் பட்டப்படிப்பு: தேர்ந்தெடுப்பது எப்படி?

கேரளத்தின் கொல்லயில், பாறசாலைப் பகுதி வீடுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது என்ற பேச்சு எழும்போது, ஊரக வளர்ச்சி, கூட்டுறவு, சமூகப்பணி போன்ற படிப்புகள் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தக் கல்விக்குத் தமிழ்நாட்டில் அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரர்.

அவர் 1904-ல் பிறந்த காந்தியவாதி ஜி. ராமச்சந்திரன். தம் மனைவி டாக்டர் டி.எஸ். சௌந்தரத்துடன் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் மாவட்டச் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கிராமங்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு 1949-ல் பரிந்துரைத்தது. 1956-ல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

வகுப்பறைக்கு வெளியே

கற்பித்தல், ஆராய்ச்சியோடு விரிவாக்கப் பணியும் அங்கே கல்வியின் அங்கம். மாணவர்கள் ஊரில் தங்கிப் படிக்கிறார்கள். இத்தகைய களப்பணியில் முக்கியமான ஒன்று, ஊர் மக்களையே ஊர்ப்படம் வரையச் செய்வது. தெருவில் கோலப்பொடியால் கோடு இழுத்து, கிணறு, குழாய், ரேஷன் கடை, தண்ணீர் தேங்கும் இடம் என்று பெண்கள் ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். எந்தத் தெருவுக்குக் குழாய் எட்டவில்லை என்பது அரசுப் பதிவேட்டைவிட அதில் தெளிவாகத் தெரியும். கேட்கத் தெரிந்தவர்களாக மாணவர்களை ஆக்குவதே இதன் பயன்.

அருகிலுள்ள வழிகள்

திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி இன்னொரு வழி. பி.எஸ்சி. வேளாண்மை படிப்பவர்கள் இறுதியாண்டில் விவசாயிகளோடு இருந்து களப்பயிற்சி பெறுகிறார்கள். பஞ்சாயத்துதோறும் உள்ள கிருஷி பவனில் வேளாண் அலுவலராக இந்தப் பட்டம் வேண்டும். கூட்டுறவு படித்தவர்களுக்குக் கூட்டுறவுத் துறையிலும் வங்கிகளிலும் வேலைவாய்ப்பு உண்டு.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பாடத்தின் பெயரில் 'ஊரகம்' என்று இருந்தால் மட்டும் போதாது. ஊரில் எத்தனை நாள் தங்க வேண்டும்? அந்தப் பணிக்கு மதிப்பெண் உண்டா? எடுத்த கணக்கையும் எழுதிய அறிக்கையையும் அந்த ஊராரிடம் திருப்பிக் கொடுக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் கல்லூரியை நம்பிச் சேரலாம்.

கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு, பஞ்சாயத்துகளே தங்கள் வளர்ச்சித் திட்டங்களை வகுக்கின்றன. நிதியும் அதிகாரமும் ஊருக்கு வந்துவிட்டன. கணக்கெடுக்கவும், கிராம சபையில் அதை விளக்கவும், திட்டமாக எழுதவும் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்குள்ளேயே வேண்டும். நம் பிள்ளைகளில் சிலராவது அதற்காகப் படிக்க வேண்டும். அதைக் குறைந்த படிப்பாகப் பெற்றோர் நினைக்கக் கூடாது.