பி.எஸ்சி. முடித்தால் கையில் எவ்வளவு வரும்?

ஆஃபர் லெட்டரில் மாதம் 18,000 ரூபாய் சி.டி.சி. என்று போட்டிருந்தால் அந்தப் பதினெட்டாயிரமும் கைக்கு வராது. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையும் அதற்குள்ளேயே அடக்கம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொண்டால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,200. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதக் கணக்கில் ஐந்நூறு சொச்சம். மிச்சத்திலிருந்து நம் பங்கு பி.எஃப். இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். எல்லாம் போக வங்கிக் கணக்கில் ஏறுவது பதினைந்தாயிரத்தை ஒட்டிய தொகைதான்.

இந்தக் கணக்கை நான் அனகாபுத்தூரில் பல வீட்டுத் திண்ணைகளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். "அக்கா, இதுல கையில எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க" என்று செல்போனில் லெட்டரைக் காட்டுவார்கள். பெண்ணோடு வந்த அம்மா பக்கத்தில் பேசாமல் நிற்பார். மூன்று வருடம் பீஸ் கட்டியவர் அவர். எனக்கு அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருந்ததே இல்லை.

நானும் இதே ஊரில் தறிக்காரர் வீட்டில் பிறந்து வேதியியல் படித்தவள். தண்ணீரையும் ஆலைக் கழிவுநீரையும் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இதற்கு உலகத் தொடர்பு உண்டு. 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற கட்டம் போட்ட துணி இங்கே நெய்யப்பட்டு நைஜீரியா வரை போனது. அந்தச் சந்தை விழுந்த பிறகு தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இன்று வாழைநாரில் சேலை நெய்து ஊர்ப்பெயரைக் காப்பாற்றுபவர்கள் சிலர். மற்ற வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். இன்ஜினீயரிங் பீஸ் கட்ட முடியாத வீடுகளில் பி.எஸ்சி.தான் கைக்கு எட்டியது. கிழக்குத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, குரோம்பேட்டை வைஷ்ணவ மகளிர் கல்லூரி, மீனம்பாக்கம் ஜெயின் கல்லூரி எல்லாமே வீட்டிலிருந்து போய்வரும் தூரம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய், அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணின் கணக்கில் மாதாமாதம் ஏறுகிறது. இந்த வீடுகளில் அது சின்னத் தொகை இல்லை.

படிக்கச் சேர்வது இப்படி எளிதாகிவிட்டது. சேர்ந்த பிறகு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

தொடக்கச் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுவனத்தின் க்யூ.சி. என்ற தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நாள் முழுவதும் ஓடும் கருவி எச்.பி.எல்.சி. மாத்திரையைக் கரைத்த திரவத்தை அதிக அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தினால், அதிலுள்ள பொருட்கள் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். எது எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று பார்த்து, 500 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று அட்டையில் போட்டது உண்மையா என்று சொல்லலாம். பல கல்லூரிகளில் மாணவிகள் இந்தக் கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அதனால் வேலையில் சேர்ந்ததும் ட்ரெய்னி என்று பெயர். என்னைச் சுற்றி நான் பார்க்கும் ட்ரெய்னி சம்பளம் 14,000 முதல் 18,000. எச்.பி.எல்.சி.யைத் தனியாக ஓட்டி, ஆடிட்டில் கேள்வி வராதபடி ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவருக்கு நான்கைந்து வருடத்தில் அது இருமடங்காகிறது.

இதற்கு நடுவே இன்னொரு படியும் உண்டு. மருந்துச் சட்ட விதிகளின்படி மருந்து உற்பத்தி தகுதியுள்ள தொழில்நுட்ப ஆளின் மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும். பி.ஃபார்ம். படித்தவர்தான் அந்த ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த பி.எஸ்சி. பட்டதாரி, மருந்து உற்பத்தியில் மூன்று வருட அனுபவம் பெற்றால் பெரும்பாலான மருந்துகளுக்கு அவரும் ஏற்கத்தக்கவரே. ஓ.எம்.ஆரில் ஆலத்தூர் சிட்கோ மருந்துப் பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதல் மூன்று வருடத்தின் அனுபவச் சான்றிதழில் எந்தப் பிரிவு, என்ன வேலை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பேக்கிங் பிரிவுக்கு மாறி, அந்த மூன்று வருடத்தைத் துண்டு துண்டாக்கிவிடாதீர்கள்.

என் துறையான தண்ணீருக்கு வருகிறேன். குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரையே சுமக்கும் குரோம்பேட்டை, பல்லாவரம், நாகல்கேணி எல்லாம் தோல் பதனிடும் பகுதிகள். பதனிட்ட கழிவுநீரை வெளியே விடும்போது மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அறுமதிப்புக் குரோமியம் அதைவிடக் கொடியது, அதற்கு வரம்பு 0.1. இதை அளந்து கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் ஒரு பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரி. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் செம்பரம்பாக்கம் கொண்டுபோய்ச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தபோதும், குடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய ஆய்வகத்தின் எண்கள்தான் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட கையெழுத்துக்குப் பதினைந்தாயிரம் என்பது அநியாயம். தனியார் ஆய்வக முதலாளிகளிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

இதே வேலையின் அரசுப் பக்கம் வேறு மாதிரி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 37,700-இல் தொடங்குகிறது. ஆனால் எம்.எஸ்சி. வேண்டும். அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனங்களில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு பி.எஸ்சி.யோடு ஓராண்டு அனுபவமோ பயிற்சியோ இருந்தால் விண்ணப்பிக்கலாம், அடிப்படை 35,400. அந்த நிலையத்தை உலகம் அறியச் செய்த நாயுடம்மாவும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் படித்துத்தான் இந்தத் துறைக்குள் வந்தார்.

இப்போது எங்கள் ஊர் வானத்தைப் பற்றி. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மேற்குப் பக்கம்தான் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர். விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திக் காத்திருந்து பிறகு தொடர்வது எங்கள் பழக்கம். அந்த விமானியோடு ரேடியோவில் பேசி இறக்கிவிடுகிற ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் ஆவதற்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும் என்பது இந்த ஊரில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் என்ற பெயரில் ஆள் எடுக்கிறது. 2025-இல் வந்த அறிவிப்பில் 309 இடங்கள். அடிப்படைச் சம்பளம் 40,000. எல்லாப் படிகளும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். தேர்வில் பாதி கணிதமும் இயற்பியலும், மறுபாதி ஆங்கிலம், பொது அறிவு, ரீசனிங். அதைத் தாண்டினால் குரல் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பொது வயது வரம்பு 27. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு இருக்கிறது.

இது எளிது என்று சொல்ல மாட்டேன். இன்ஜினீயரிங் முடித்தவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், கோச்சிங் போய்வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 21 வயதில் பட்டம் முடிக்கும் பிள்ளைக்கு 27 வரை காலம் இருக்கிறது. 26 வயதில் யாரோ சொல்லிக் கேள்விப்படுகிற பிள்ளைக்கு ஒரு வாய்ப்புதான் மிஞ்சுகிறது. எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அறிவில் குறை இல்லாத பிள்ளைகள், தகவல் தாமதமாக வந்ததால் தோற்கிறார்கள்.

வானிலைத் துறையும் இப்படித்தான். 2022-இல் எஸ்.எஸ்.சி. வழியாக 990 சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இயற்பியலை ஒரு பாடமாகப் படித்து முதல் வகுப்பில் தேறிய பி.எஸ்சி.க்காரர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுத்து, முடித்ததும் 35,400 அடிப்படையில் பணியில் அமர்த்துகிறது. இரண்டு இடத்திலும் 60 சதவீதம் கேட்கிறார்கள். 59.4 வாங்கிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலேயே மார்க்கைக் கூட்டிப் பாருங்கள். அரியரைத் தள்ளிப் போடாதீர்கள்.

பாடம் தேர்வு செய்யும்போதே தெரிந்திருக்கவேண்டிய விஷயம் இன்னொன்று. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் போதும். வேதியியல் என்றால் முதுநிலை வேண்டும். எந்தப் பாடம் உசத்தி என்று விசாரிக்கும் பெற்றோர், எந்தப் பாடத்துக்கு எந்த விதி இடம் கொடுக்கிறது என்றும் விசாரிக்கவேண்டும்.

விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி படித்த பெண்களில் பலர் இப்போது மெடிக்கல் கோடிங் போகிறார்கள். அமெரிக்க மருத்துவமனைக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை எழுதும் வேலை. நோய்க் குறியீடுகள் மட்டும் 70,000-க்கு மேல் இருக்கின்றன. உடற்கூறு தெரிந்தவர்களுக்கு வேகமாகப் பிடிபடும். சி.பி.சி. சான்றிதழ் எடுத்தால் சம்பளம் நன்றாகவே உயர்கிறது. "லேப்ல நிக்கிறதுக்கு இது மேல்க்கா, ஏ.சி.ல உக்காந்து வேல" என்று ஒரு பெண் சொன்னபோது எனக்கு மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. கன்சல்டன்சி என்ற பெயரில் முன்பணம் கேட்பவரிடம் மட்டும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர் வேலைதான் எங்கள் பக்கத்து அப்பாக்களின் முதல் ஆசை. பி.எஸ்சி., பி.எட்., டெட் தேர்வு தாண்டி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரானால் அடிப்படை 36,400. கல்லூரி என்றால் நெட் அல்லது செட், உதவிப் பேராசிரியருக்கு 57,700. ஆனால் அந்த வரிசை மிக நீளம். முனைவர் பட்டம் வாங்கியும் கௌரவ விரிவுரையாளராக மாதம் 25,000 ரூபாயில் வருடக்கணக்காக நிற்பவர்கள் நம் அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். ஆராய்ச்சி ஆசை உள்ள பிள்ளையை நான் தடுப்பதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, பிறகு 42,000. படிக்கும்போதே வரும் அந்தப் பணத்தில் இந்த ஊர்க் குடும்பம் கடனடைத்துவிடும். ஆனால் ஜே.ஆர்.எஃப். இல்லாமல், கைக்காசைப் போட்டு பிஎச்.டி. செய்யச் சொல்லி யாராவது அழைத்தால் போகவேண்டாம் என்பேன்.

எம்.எஸ்சி.யா, வேலையா என்று கேட்டால் என் பதில் வீட்டுக்கு வீடு மாறும். தம்பி படிக்கிறான், அப்பாவுக்குச் சம்பாத்தியம் இல்லை என்றால் முதலில் வேலை, அதுவும் கருவியைத் தொட விடுகிற ஆய்வகத்தில். இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடிகிற வீடு என்றால் மூன்றாம் ஆண்டிலேயே ஜாம் தேர்வு எழுதச் சொல்வேன். அது பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க அதுதான் வாசல். சென்னை ஐ.ஐ.டி. இருக்கும் கிண்டிப் பக்கத்துக்கு இங்கிருந்து பல்லாவரம் போய் ரயில் ஏறினால் போதும். கணிதப் பிள்ளைகளுக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. ஆனால் அங்கே பி.எஸ்சி.யிலேயே சேர பிளஸ் டூ முடிக்கும்போதே நுழைவுத் தேர்வு எழுதவேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒரு காகிதத்தை மறக்கக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி., டி.ஆர்.பி. நியமனங்களில் தமிழ்வழிக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி பட்டப் படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்றிதழ் காட்டவேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகத் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கவேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டு, பதிவேடு எங்கே போனது என்று தெரியாமல் பிள்ளைகள் கல்வி அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும். கல்லூரி முதலாண்டு விடுமுறையிலேயே போய் வாங்கி, கோப்பில் போட்டு வையுங்கள்.