முதியோரின் வங்கிக் கணக்கும் குடும்பத்தினரின் நிதிச் சுரண்டலும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

முதியோரின் பணம், நகை, சொத்து ஆகியவற்றை அச்சுறுத்தியோ ஏமாற்றியோ நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியோ பிறர் கைக்கொள்வது நிதிச் சுரண்டல் எனப்படும். முகமறியாதோர் தொலைபேசிவழிச் செய்யும் மோசடி பரவலாகப் பேசப்படுகிறது. முதியவரின் ஏ.டி.எம். அட்டையை உறவினரே வைத்துக்கொண்டு பணம் எடுப்பதோ குடும்ப வழக்கமாகக் கருதப்பட்டு விடுபடுகிறது. இதனைத் தடுப்பதில் வங்கியின் பங்கினை மதுரை வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் தரும் காப்பும் அதன் எல்லையும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, 60 வயது நிறைந்தோரை மூத்த குடிமக்கள் என வரையறுக்கிறது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் வழங்கிய சொத்தினைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அம்மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்க 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. மதுரை, மேலூர், உசிலம்பட்டி ஆகிய கோட்டங்களில் வருவாய்க் கோட்டாட்சியரே இதற்கான தீர்ப்பாயத்தின் தலைவர் ஆவார். இச்சட்டத்தில் சொத்து என்பது அசையும் சொத்தையும் உள்ளடக்கும். எனினும், நிலம் கைமாறியதற்குப் பத்திரம் சான்றாகும். சிறுகச் சிறுக எடுக்கப்பட்ட ரொக்கம் எந்த நிபந்தனையின்கீழ்த் தரப்பட்டது என்பதை மெய்ப்பித்தல் அரிது. எனவே, பணம் வெளியேறும் நேரத்தில் செயற்படத்தக்க வங்கியின் பொறுப்பு முதன்மை பெறுகிறது.

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள்

2017 நவம்பர் 9ஆம் நாளிட்ட சுற்றறிக்கை, மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்ட்டர், 70 வயது கடந்தோர்க்கு இல்லம் தேடிச் சேவை முதலியவற்றை வகுத்தது. இவை வசதியைப் பெருக்கின. வற்புறுத்தலைப் பற்றிப் பேசவில்லை. அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கையின்படி, வெளியாரின் அத்துமீறலை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பில்லை. ஆனால், இரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்தவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு முழுவதையும் ஏற்க வேண்டும். மகனை நம்பி எண்ணைச் சொன்ன தாயும் இவ்விதியின் பார்வையில் கவனக்குறைவானவரே.

நோயுற்றுக் கையொப்பமிட இயலாதவர் பணம் எடுக்கையில், அவர்தம் விரல்ரேகையைச் சார்பற்ற இரு சாட்சிகள் உறுதிசெய்ய வேண்டும்; அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராதல் வேண்டும் என்பது மற்றொரு நெறி. பணத்தால் பயன்பெறும் உறவினர் சார்பற்ற சாட்சியாகார் என்னும் தெளிவு கிளைகளில் வேண்டும்.

வங்கிகள் செய்யத்தக்கன

முதலாவது, கூட்டுக் கணக்கின் இயக்கமுறையை விளக்குதல். ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் முறையில் மகனும் தனித்துப் பணம் எடுக்கலாம். ‘முதலாமவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் முறையில் முதலாமவரான முதியவர் வாழும்வரை அவர் மட்டுமே எடுக்க இயலும்.

இரண்டாவது, தனித்து உரையாடுதல். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிக்கும்போதும், நகையை அடகு வைக்கும்போதும் உடன்வந்தவரை விலக்கி முதியவரின் விருப்பத்தைக் கேட்டறியலாம்.

மூன்றாவது, ஊர்ப்புறச் சேவையைச் சீர்செய்தல். 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை வங்கித் தொடர்பாளர்வழிப் பெறுவோர் பலர். விரல்ரேகை பதியுமுன் தொகையை வாய்விட்டுக் கூறுவதும் சீட்டளிப்பதும் கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, நம்பகத் தொடர்பாளர் ஒருவரைப் பதிவுசெய்தல். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்களில் 2018 பிப்ரவரி முதல் இம்முறை உள்ளது. ஐயம் எழுந்தால் அவரிடம் நிறுவனம் பேசலாம். கணக்கை இயக்கும் உரிமை அவருக்கு இல்லை.

முடிவுரை

முதுமை இயலாமை அன்று. பேரனின் படிப்புக்குத் தம் சேமிப்பைத் தருவது முதியவரின் உரிமை. ஆதலின், வங்கி வினவ வேண்டியது அவர் பணம் தரலாமா என்பதையன்று, அவரே விரும்பித் தருகிறாரா என்பதையே. விருப்பமின்மை வெளிப்படின், 14567 என்னும் முதியோர் உதவி எண்ணையும் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தையும் அவர்க்கு அறிவிப்பது கிளையின் கடமையாக வகுக்கப்பட வேண்டும்.